தேதியை மட்டும் மாற்றிப் போடச் சொன்னால்: வணிக அறத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் முதல் வேலையில் மூன்றாவது மாதம். சரக்கு கிளம்ப வேண்டிய நாள். தரப் பரிசோதனைப் பதிவேட்டில் முந்தைய வாரச் சோதனை ஒன்று விடுபட்டிருந்தது. மேலாளர் வந்து, "சரக்கு நல்லாத்தான் இருக்கு. போன செவ்வாய்க்கிழமை தேதி போட்டு ஒரு கையெழுத்துப் போட்டுடுப்பா, லாரி நிக்குது" என்றார். போட்டேன். இரண்டு நிமிட வேலை. சரக்கு உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அன்றைக்கு நான் ஓர் அறக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறேன் என்பது பல மாதம் கழித்துத்தான் உறைத்தது.

வணிக அறம் படிக்கத் தொடங்குகிறவர்கள், எது சரி எது தவறு என்று முடிவெடுப்பதுதான் கஷ்டம் என்று நினைக்கிறார்கள். அது இரண்டாவது கஷ்டம். கேள்வி வந்து நிற்கிறது என்று கவனிப்பதுதான் முதல் கஷ்டம். ஏனென்றால் அது கேள்வியாக வருவதில்லை. ஒரு பில்லாக, ஒரு தேதியாக, மாதக் கடைசிக் கணக்கில் ஒரு சின்னத் திருத்தமாக வருகிறது. அதனால் இங்கே முதல் படிக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: கேள்வி வந்திருப்பதைக் கண்டுபிடியுங்கள்

1970களில் அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் விற்ற பின்டோ காரில் ஒரு கோளாறு இருந்தது. பின்னாலிருந்து வேறு வண்டி மோதினால் பெட்ரோல் டேங்க் உடைந்து தீப்பிடிக்கும் ஆபத்து. கோளாறுள்ள வண்டிகளைத் திரும்பப் பெற வேண்டுமா என்று பார்க்கும் பிரிவில் அப்போது வேலை செய்தவர் டென்னிஸ் ஜியோயா. நிறுவனங்களை உள்ளேயிருந்தே மாற்ற வேண்டும் என்ற எண்ணத்தோடு வேலைக்கு வந்த இளைஞர். பின்டோ பற்றிய தகவல்கள் அவர் மேசைக்கு வந்தன. திரும்பப் பெறத் தேவையில்லை என்ற பக்கமே அவரும் வாக்களித்தார்.

பிற்பாடு மேலாண்மைப் பேராசிரியரான ஜியோயா, 1992இல் இதைப் பற்றித் தானே ஒரு கட்டுரை எழுதினார். அந்தச் சமயத்தில் அது அறம் சம்பந்தப்பட்ட விஷயமாகவே தனக்குப் படவில்லை என்கிறார். தினமும் ஃபைல்கள் குவியும் வேலை. எத்தனை முறை நடந்திருக்கிறது, காரணம் இன்னதென்று தெரிகிறதா என்று பார்த்துப் பிரித்துப் போட ஒரு பழகிய முறை இருந்தது. பின்டோ அந்த அளவுகோலைத் தொடவில்லை. அடுத்த ஃபைலுக்குப் போய்விட்டார். அவரே அப்போது பின்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர்தான். 1978இல் ஃபோர்டு சுமார் 15 லட்சம் வண்டிகளைத் திரும்பப் பெற்றது. இவரைக் கெட்டவர் என்று ஒதுக்கிவிட முடிந்தால் நமக்கு நிம்மதி. முடியவில்லை.

இடையில் ஒன்று. "ஓர் உயிருக்கு 2,00,000 டாலர் என்று விலை போட்டு, வண்டிக்கு 11 டாலரை மிச்சம் பிடித்தார்கள்" என்ற பின்டோ கதையை எங்காவது கேட்பீர்கள். அப்படி ஒரு கணக்குத் தாள் இருந்தது உண்மை. ஆனால் அது வண்டி கவிழும் விபத்துகளைப் பற்றி, அமெரிக்காவில் விற்கும் கார், லாரி எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து, அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்புக்குக் கொடுக்கப்பட்ட கணக்கு. அந்த 2,00,000 டாலரும் அந்த அமைப்பே வகுத்த தொகை. நான் ஃபோர்டுக்கு வக்காலத்து வாங்கவில்லை. பாதி தெரிந்துகொண்டு தீர்ப்புச் சொல்லும் பழக்கம் இந்தத் துறையில் அதிகம். புதிதாக வருகிறவர்கள் அதைத் தொற்றிக்கொள்ள வேண்டாமே என்றுதான் சொல்கிறேன்.

சரி, எப்படிக் கவனிப்பது? முதலில் பேச்சைக் கவனியுங்கள். "இந்த ஒரு தடவை மட்டும்." "எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்." "இதை மெயிலில் போடாதே, போனில் சொல்." "சட்டத்தில் எங்கே தடுத்திருக்கிறது, காட்டு." இவற்றில் ஒன்று காதில் விழுந்தால் கை ஒரு நிமிடம் நிற்கட்டும். நேரான பெயர் இருக்கும் ஒரு காரியத்துக்கு வேறு பெயர் புழங்கினாலும் அப்படியே. கணக்கைத் திரிப்பதற்கு 'அட்ஜஸ்ட்மென்ட்' என்பார்கள், லஞ்சத்துக்குக் 'கன்சல்டன்சி ஃபீஸ்' என்பார்கள். பெயர் மாறியதாலேயே தப்பு நடந்துவிட்டது என்று சொல்ல முடியாது. நின்று பார்க்க அது ஒரு காரணம், அவ்வளவுதான். அவசரமும் இன்னோர் அடையாளம். இந்த மாதிரிக் கேள்விகள் வரும்போதெல்லாம் எங்கேயோ ஒரு லாரி நின்றுகொண்டிருக்கும்.

அப்புறம், கையெழுத்துப் போடும் ஒவ்வொரு தாளுக்கும் ஒரே ஒரு கேள்வி: இதைப் படிக்கிறவர் எதை நம்புவார், அது உண்மையா? என் பதிவேட்டைப் படித்தவர், செவ்வாய்க்கிழமை யாரோ அந்தச் சரக்கைச் சோதித்துப் பார்த்தார்கள் என்று நம்பியிருப்பார். யாரும் பார்க்கவில்லை. சரக்கு நன்றாக இருந்ததா இல்லையா என்பது வேறு விஷயம்.

படி 2: சட்டம், நிறுவன விதி, அறம் மூன்றையும் பிரித்து வையுங்கள்

ஒரு தாளை எடுத்து மூன்று பத்தி போடுங்கள். சட்டம் என்ன சொல்கிறது, நிறுவன விதி என்ன சொல்கிறது, இரண்டும் இல்லாவிட்டால் நான் என்ன செய்வேன். மூன்றும் ஒன்றுபோல வந்தால் யோசிக்க வேண்டியதில்லை. வேறுபடும் இடம்தான் உங்கள் வேலை.

"சட்டப்படி சரி" என்பதோடு பேச்சை முடித்துக்கொள்கிறவர்களுக்கு லஞ்சத்தின் வரலாறு ஒன்று போதும். வெளிநாட்டு அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுப்பதை நேரடியாகத் தடுக்கும் சட்டம் அமெரிக்காவில் 1977 வரை இல்லை. லாக்ஹீட் விமான நிறுவனம் உள்ளிட்ட பல நிறுவனங்கள் வெளிநாடுகளில் பணம் கொடுத்தது அம்பலமான பிறகுதான் வந்தது. ஜெர்மனியில் 1990களின் இறுதிவரை அப்படிப்பட்ட லஞ்சத்தைத் தொழில் செலவாகக் காட்டி வரிக் கழிவே வாங்க முடிந்தது. சட்டம் வந்த நாளன்றா அது தவறாக மாறியது? சட்டம் பெரும்பாலும் ஏதாவது நடந்த பிறகு வருகிறது. நீங்கள் முடிவெடுக்க வேண்டியது நடப்பதற்கு முன்னால்.

நிறுவன விதிப் புத்தகத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கணக்கு மோசடி அம்பலமாகி 2001 டிசம்பரில் திவாலான அமெரிக்காவின் என்ரான் நிறுவனத்திடம் 60 பக்கத்துக்கு மேல் நீளும் நெறிமுறைக் கையேடு இருந்தது. அதைப் படிக்காதீர்கள் என்று சொல்லவில்லை. படியுங்கள். யாரிடம் புகார் சொல்வது, எந்தப் பரிசை வாங்கக் கூடாது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். அதை வைத்து அந்த இடத்தின் குணத்தை எடை போட முடியாது.

படி 3: அறையில் இல்லாதவர்களையும் பட்டியலில் சேருங்கள்

இங்கே ஒரு பழைய சண்டை குறுக்கே வரும். 1970இல் பொருளாதார அறிஞர் மில்ட்டன் ஃப்ரீட்மன், நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு லாபத்தைப் பெருக்குவதுதான் என்று வாதிட்டார். மேலாளர் செலவழிப்பது பங்குதாரர்களின் பணம். அதை எடுத்துத் தான் விரும்பும் நற்காரியத்துக்குக் கொடுக்க அவருக்கு என்ன உரிமை என்பது அவர் கேள்வி. 1984இல் எட்வர்ட் ஃப்ரீமன், நிறுவனத்தால் பாதிக்கப்படுகிற எல்லாரையும், தொழிலாளர், வாடிக்கையாளர், சப்ளையர், சுற்றி வாழும் மக்கள் என்று எல்லாரையும், கணக்கில் எடுக்க வேண்டும் என்றார். தமிழில் ஷேர்ஹோல்டர், ஸ்டேக்ஹோல்டர் இரண்டையுமே 'பங்குதாரர்' என்று எழுதிவிடுவதால் இந்தச் சண்டையே பல பேருக்குப் புரியாமல் போகிறது. முன்னவரைப் பங்குதாரர் என்றும், பின்னவரைத் தொடர்புடையோர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரீட்மனைச் சும்மா லாபவெறிக்கு வக்கீலாக மேற்கோள் காட்டுகிறவர்கள் அவருடைய நிபந்தனையை விட்டுவிடுகிறார்கள். சட்டத்தில் இருப்பவை, அறவழக்கத்தில் இருப்பவை என்று சமூகத்தின் இரண்டு வகை அடிப்படை விதிகளுக்கும் உட்பட்டுத்தான் அந்த லாபம் என்றார் அவர். பொய்த் தேதி போட அவரிடம்கூட அனுமதி வாங்க முடியாது.

பட்டியல் போடும்போது மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் தானாகவே வந்துவிடுவார்கள். விட்டுப்போவது தூரத்தில் இருப்பவர்கள். 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்து 1,100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முந்தின நாளே சுவர்களில் விரிசல் கண்டிருந்தது. கீழ்த்தளங்களில் இருந்த வங்கியும் கடைகளும் மூடிவிட்டன. மேல் மாடிகளின் ஆடைத் தொழிற்சாலைத் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் காலை வேலைக்கு வரச் சொன்னார்கள். அங்கே தைக்கப்பட்ட உடைகள் மேற்கு நாடுகளின் பிராண்டுகளுக்குப் போய்க்கொண்டிருந்தவை.

பொறுப்பு யாருடையது? கட்டட உரிமையாளர், தொழிற்சாலை முதலாளிகள், அனுமதி கொடுத்த அதிகாரிகள் என்று வரிசை தொடங்கும். ஆனால் புதியவர்களாகிய நீங்கள் உட்காரப்போவது அநேகமாகக் கொள்முதல் பிரிவின் மேசையில். விலையைக் கொஞ்சம் குறை, ஒரு வாரம் முன்னாலேயே அனுப்பு என்று சப்ளையருக்கு மெயில் போடும் இடத்தில். அந்த மெயிலில் குற்றம் எதுவும் இல்லை. மறுமுனையில் அது என்னவாக மாறுகிறது என்று கேட்பதற்கு அங்கே யாருக்கும் சம்பளம் இல்லை, அவ்வளவுதான். அந்த விபத்துக்குப் பிறகு சில வாரங்களிலேயே பல பிராண்டுகள் தொழிற்சங்கங்களோடு சேர்ந்து, தீ மற்றும் கட்டடப் பாதுகாப்புக்காகச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 'அது எங்கள் தொழிற்சாலை இல்லை' என்ற பழைய பதில் அதற்குப் பிறகு அவ்வளவு எளிதாக எடுபடவில்லை.

சமூகப் பொறுப்பு என்றதும் பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்ச், மரக்கன்று, கண் சிகிச்சை முகாம் என்று மனம் போகும். நல்ல காரியங்கள்தான். இந்தியாவின் 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தை இப்படிச் செலவிட வேண்டும் என்கிறது. வழக்கமான தொழிலின் பகுதியாகச் செய்வது அந்தக் கணக்கில் சேராது என்று அதன் விதிகள் சொல்கின்றன. அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: அந்த 2 சதவீதம், மீதி 98 எப்படி வந்தது என்பதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. நேர்காணலில் ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பைப் பற்றிக் கேட்க ஆசைப்பட்டால், நன்கொடையைக் கேட்காதீர்கள். சப்ளையர்களுக்கு எத்தனை நாளில் பணம் கொடுக்கிறீர்கள் என்று கேளுங்கள்.

படி 4: மூன்று பக்கமிருந்து சோதியுங்கள்

முதலாவது, விளைவு: யாருக்கு என்ன லாபம், யாருக்கு என்ன நஷ்டம். இரண்டாவது, பொதுவிதி: எல்லாரும் இதையே செய்தால் இது செல்லுமா? பொய்த் தேதி செல்லுபடியாவது மற்றவர்களுடைய தேதிகளை உலகம் நம்புவதால்தான். எல்லாரும் பொய்த் தேதி போட்டால் என் பொய்யும் உதவாது. மூன்றாவது, முகம்: இதனால் பாதிக்கப்படும் ஆள் எதிரே உட்கார்ந்தால், அவரிடம் இதை விளக்கிச் சொல்ல என்னால் முடியுமா?

மூன்றும் ஒத்துப்போகாதபோது எதை நம்புவது என்று கேட்டால், நான் முதலாவதைக் கடைசியில் வைப்பேன். விளைவைக் கணக்குப் போடுவது முக்கியம்தான். ஆனால் கையெழுத்து வேண்டும் என்று துடிக்கிற ஆளின் கையில் அந்தக் கணக்கு எப்போதும் அவருக்கு வேண்டிய விடையையே தரும். முகத்தை அப்படி வளைக்க முடியாது.

"நேர்மையாக இருந்தால் லாபம் தானாக வரும்" என்பதையும் ஒரு சோதனையாக வைத்திருக்கிறார்கள். இதில் ஜாக்கிரதை. தத்துவ அறிஞர் காண்ட் 1785லேயே ஒரு கடைக்காரரை நிறுத்திக் காட்டினார். விவரம் தெரியாத குழந்தை வந்து வாங்கினாலும் அதே விலைக்குத்தான் கொடுப்பார். நல்ல மனிதர். ஆனால் ஏமாற்றினால் வியாபாரம் கெடும் என்பதற்காக மட்டுமே அப்படி நடந்தார் என்றால், வியாபாரம் கெடாத ஓர் இடம் கிடைத்தால் என்ன செய்வார்?

1982இல் அமெரிக்காவில் யாரோ டைலெனால் என்ற வலி மாத்திரைகளில் சயனைடு கலந்துவிட, 7 பேர் இறந்தார்கள். அதை விற்ற ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் சுமார் 3.1 கோடி புட்டிகளைத் திரும்பப் பெற்றது. செலவு 10 கோடி டாலருக்கு மேல். இழந்த சந்தையும் பெருமளவு திரும்பி வந்தது. எல்லா வகுப்பிலும் இதைச் சொல்லுவார்கள். எனக்கு அதைவிட மெர்க் நிறுவனத்தின் 1987 முடிவுதான் பிடிக்கும். ஆற்றோரக் கிராமங்களில் பரவிக் கண்ணைப் பறிக்கும் ஒரு நோய்க்கு அவர்களிடம் மருந்து இருந்தது. அது தேவைப்பட்டவர்களிடம் வாங்கக் காசு இல்லை. தேவைப்படும் காலம் வரை இலவசமாகவே தருவோம் என்று அறிவித்தார்கள். அதே மெர்க்தான் வயாக்ஸ் என்ற வலி மாத்திரை மாரடைப்பு அபாயத்தைக் கூட்டியதால் 2004இல் அதைச் சந்தையிலிருந்து எடுக்க வேண்டி வந்தது. ஆபத்து தெரிந்தும் மெத்தனமாக இருந்தது என்ற வழக்குகளை முடிக்க 2007இல் 485 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. நல்ல நிறுவனம், கெட்ட நிறுவனம் என்று பிரித்து வைத்துக்கொண்டால் இரண்டு இடத்திலும் ஏமாறுவீர்கள். முடிவுகளைத் தனித்தனியாகப் பாருங்கள்.

படி 5: பேசுங்கள், ஆனால் முறையாக

வேர்ல்ட்காம் என்ற அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனம். 2000 அக்டோபர். காலாண்டுச் செலவு சந்தை எதிர்பார்த்ததைவிட எகிறிவிட்டது. நடுமட்டக் கணக்காளர் ஒருவரிடம் 82.8 கோடி டாலர் செலவைக் கணக்கில் குறைத்துக் காட்டச் சொன்னார்கள். அவர் அதிர்ந்துபோனார். இந்த ஒரு தடவைதான் என்று சொன்னதால் செய்தார். மனது கேட்காமல், உடன் வேலை செய்தவரும் அவரும் ராஜினாமா செய்ய முடிவெடுத்தார்கள். நிதித் தலைவர் அவர்களை அழைத்துப் பேசினார். வானத்தில் விமானங்கள் பறந்துகொண்டிருக்கின்றன, அவற்றை இறக்கிவிடுவோம், பிறகு வேண்டுமானால் போங்கள் என்ற பொருளில் சமாதானம் சொன்னார். பொறுப்பு என்னுடையது என்றார். அந்தக் கணக்காளரின் சம்பளத்தை நம்பித்தான் குடும்பம் இருந்தது. தங்கிவிட்டார். ஒரு தடவை ஆறு காலாண்டாக நீண்டது. 2005இல் அவருக்கு ஐந்து மாதச் சிறை. பொறுப்பை ஏற்பதாகச் சொன்ன நிதித் தலைவருக்கு ஐந்து ஆண்டு. பொறுப்பு ஒருவர் வாயால் இன்னொருவருக்கு மாறவில்லை.

அதே நிறுவனத்தில்தான் உள்தணிக்கைத் தலைவர் சிந்தியா கூப்பரும் இருந்தார். 2002இல் கணக்கு இடிப்பதைக் கவனித்தார். தணிக்கையைத் தள்ளிப்போடச் சொல்லி அதே நிதித் தலைவர் கேட்டார். கூப்பரின் குழு நிறுத்தாமல், இரவுகளில் உட்கார்ந்து வேலை செய்தது; ஆதாரம் அழிக்கப்பட்டுவிடுமோ என்று தரவுகளைத் தனியாகப் பிரதி எடுத்து வைத்தது. கடைசியில் இயக்குநர் குழுவின் தணிக்கைக் குழுவிடம் போனார்கள். முதலில் வெளிவந்தது 380 கோடி டாலர் முறைகேடு. தோண்டத் தோண்ட அது சுமார் 1,100 கோடியானது.

இரண்டு பேருக்கும் தெரிந்தது ஏறக்குறைய ஒன்றுதான். கூப்பரிடம் கூடுதலாக இருந்தவை: ஒரு குழு, எழுத்தில் ஆதாரம், தன் மேலாளருக்கு அப்பால் போக ஒரு வழி. அவர் பதவியே அவற்றைக் கொடுத்தது என்பதும் உண்மைதான். கீழ்மட்டத்தில் இருப்பவர் அவற்றைத் தானே தேடிக்கொள்ள வேண்டும். எப்படி?

முதலில் குற்றச்சாட்டாக இல்லாமல் கேள்வியாகக் கேளுங்கள். "இதைத் தணிக்கையாளர் கேட்டால் நான் என்ன சொல்வது, சார்?" பாதி இடங்களில் காரியம் இந்தக் கேள்வியிலேயே நின்றுவிடும். கேட்டவருக்கும் அப்போதுதான் உறைக்கும்.

கையோடு ஒரு மாற்று வழி கொண்டுபோங்கள். நான் அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: "சார், இப்பவே சோதிச்சுடறேன். இன்னைக்குத் தேதி போட்டு, போன வாரம் விடுபட்டதுன்னு குறிப்பு எழுதிடலாம்." லாரி ஒரு மணி நேரம் நின்றிருக்கும். மேலாளர் திட்டியிருக்கலாம், ஒத்துக்கொண்டும் இருக்கலாம். எனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் கேட்கவே இல்லை.

வாய்மொழி உத்தரவு வந்தால், அதைப் பணிவாக மெயிலில் திருப்பி அனுப்பி உறுதிசெய்யச் சொல்லுங்கள். "நீங்கள் சொன்னபடி இன்னதைச் செய்ய வேண்டும் என்று புரிந்துகொண்டேன், சரிதானா?" உங்களுக்கென்று ஒரு குறிப்பேட்டில் நாள், நேரம், யார் என்ன சொன்னார் என்பதை மட்டும் எழுதி வையுங்கள். ஊகத்தையும் கண்டதையும் கலக்காதீர்கள். நிறுவன ஆவணங்களை வீட்டுக்கு அள்ளிக்கொண்டு போகாதீர்கள், அதுவே தனி வழக்காகலாம். தனியாகப் போவதைவிட இரண்டு பேராகப் போவது நல்லது.

அதற்கும் மசியாவிட்டால் ஒரு படி மேலே: மேலாளரின் மேலாளர், உள்தணிக்கை, நெறிமுறைப் பிரிவு, இயக்குநர் குழு. வெளியே அரசு அமைப்புகளிடம் போவது கடைசியாக, அதுவும் உங்கள் நாட்டில் முறைகேட்டை வெளிப்படுத்துகிறவர்களுக்கு என்ன சட்டப் பாதுகாப்பு உண்டு என்று விசாரித்துவிட்டு. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் இந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

இன்னொன்று. அந்தக் கணக்காளர் தங்கிப்போனதற்குத் தைரியமின்மை மட்டும் காரணமில்லை, வீட்டுச் செலவும்தான். ஆறு மாதச் செலவுக்குப் பணம் கையில் இருப்பவரால் 'முடியாது' என்று சொல்வது எளிது. வணிக அறப் பாடத்திட்டத்தில் சேமிப்புக்கு ஓர் அத்தியாயம் வைக்க வேண்டும் என்று நான் பாதி விளையாட்டாகச் சொல்வதுண்டு. மீதிப் பாதி விளையாட்டு இல்லை.

படி 6: ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாயிற்று என்றால்

இதைப் படிக்கிறவர்களில் சிலர் இந்தப் படிக்காகத்தான் வந்திருப்பீர்கள். எதையும் அழிக்காதீர்கள். பழைய மெயிலை நீக்குவது, பதிவேட்டின் பக்கத்தைக் கிழிப்பது, வெள்ளை மை பூசுவது எல்லாம் சின்னத் தவறைப் பெரிய குற்றமாக்கும். பதிவேடாக இருந்தால் பழைய பதிவு தெரியும்படி ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் சரியான விவரத்தை இன்றைய தேதியோடு எழுதி, ஏன் திருத்துகிறீர்கள் என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்திடுங்கள். பொறுப்பில் இருப்பவரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள், அவர்கள் கண்டுபிடிப்பதற்கு முன்னால். அடுத்த மாதமும் அதையே கேட்டால் செய்யாதீர்கள். முதல் தடவை செய்ததைக் காட்டித்தான் இரண்டாவது தடவை கேட்பார்கள்.

பணம், பாதுகாப்பு, வரி, லஞ்சம் சம்பந்தப்பட்டதாக இருந்தால் இதையெல்லாம் செய்வதற்கு முன்பே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். நிறுவனத்தின் சட்டப் பிரிவை அல்ல. அவர்கள் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் அவர்களுடைய கட்சிக்காரர் நிறுவனம்தான். வெளியிலிருந்து சொந்தமாக ஒருவரை அமர்த்துங்கள். போகும்போது ஒரே ஒரு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு போனால் போதும்: என்ன கேட்டார்கள், யார் கேட்டார்கள், நீங்கள் என்ன செய்தீர்கள், அப்போது உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது. நாள்வாரியாக எழுதுங்கள். இந்தத் தடவை தேதிகளைச் சரியாகப் போடுங்கள்.